பச்சைக் கோடு

ஆகஸ்ட் 21, திங்கள்

நரம்பு டாக்டரம்மா இந்த நோட்டை வாங்கச் சொன்னார். இவருக்கு மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தேன், கை எப்போது நடுங்கியது, எப்போது நின்றது, எல்லாம் எழுதி அடுத்த மாதம் 21-ஆம் தேதி காட்ட வேண்டும். "எழுதித் தர வீட்ல யாராச்சும் இருக்காங்களாம்மா?" என்றார். "நானே எழுதுவேனுங்க" என்றேன். படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் அந்த ஐந்தாவதில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கினவள். பேத்தி கவிநயா எட்டாவது படிக்கிறாள், அவள் எழுத்தைப் பார்த்தால் எறும்பு மையில் விழுந்து ஓடின மாதிரி இருக்கும்.

8 மணி, 1 மணி, 6 மணி மாத்திரை கொடுத்தேன். நடுக்கம் வலது கையில். மாத்திரை போட்டு முக்கால் மணி நேரத்தில் அடங்கும். பிறகு இரண்டு மணி நேரம் கை அவர் பேச்சைக் கேட்கும்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மூன்று வேளையும் கொடுத்தேன். சட்டைப் பித்தானைப் போடவிடவில்லை, நானே போட்டுக்கறேன் என்றார். இருபது நிமிடம்.

ஆகஸ்ட் 23, புதன்

எட்வின் தம்பி வந்தார். சிங்காநல்லூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர். ரிமோட்டில் குட்டி ஹெலிகாப்டர் விடுவதில் பைத்தியம். பொம்மை என்று சொன்னால் கோபம் வரும் அவருக்கு. மேலே சுற்றுகிற இறக்கை எங்கள் கட்டில் அகலம். இஞ்சின் மட்டும் என் உள்ளங்கையில் அடங்கிவிடும். விளக்கெண்ணெய் கலந்த எரிபொருள் ஊற்றி ஓட்டுவார்கள். அந்தக் கருகின எண்ணெய் நாற்றம் எங்கள் வீட்டில் சாம்பிராணி மாதிரி.

இவர், அதாவது என் வீட்டுக்காரர் சென்னியப்பன், முப்பத்தெட்டு வருஷம் பம்பு கம்பெனியில் ஃபிட்டர். ரிட்டயர் ஆனதும் இந்தக் குட்டி இஞ்சின்களைப் பிரித்துப் பேரிங், பிஸ்டன் மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தார். சென்னை, பெங்களூர், ஐதராபாத் என்று எங்கிருந்தோ கூரியரில் வரும். "சென்னியப்பன் கை பட்டா பத்து வருஷம் ஓடும்" என்று பேர். கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த மூன்று வருஷமாகக் கை படுவது யாருடையது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. அதே கம்பெனியில் இருபத்திநாலு வருஷம் மோட்டாருக்குக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றினவள் நான். தலைமுடி கனமுள்ள கம்பியையும் அறுக்காமல் சுற்றின விரல்.

எட்வின் வரும்போது சமையல்கட்டு மேஜையில் நான்தான் ஒரு பெங்களூர் இஞ்சினைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வண்டி சத்தம் கேட்டதும் எழுந்தேன், இவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார். திருப்புளியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்புப் பக்கம் போனேன். எப்போதும் இப்படித்தான். எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை.

"ஐயா, மேல தூக்குனா கரகரங்குதுங்க" என்றார் எட்வின்.

இவர் இஞ்சினைக் காதோரம் வைத்துத் தண்டை ஒரு சுற்றுச் சுற்றினார். "பேரிங் போச்சு. பிஸ்டன் பின்னும் லூசு." காது இன்னும் அவருடையதுதான், சரியாகச் சொன்னார்.

"மூணாந்தேதி ஞாயித்துக்கிழமை ஒரு காலேஜ்ல ஷோ இருக்குதுங்க. முடியுமுங்களா?"

"திங்கக்கிழமை வந்து எடுத்துக்க. நானே பாத்து வெக்கறேன்."

காப்பி கொடுத்தேன். "அம்மா காப்பிக்காகவே ஒரு இஞ்சின ஒடைச்சுட்டு வரலாமுங்க" என்றார். "ஒடைக்கறது சுளுவு தம்பி" என்றேன். 

ஆகஸ்ட் 25, வெள்ளி

மாத்திரை சரி. மத்தியானம் நடுக்கம் அதிகம், தயிர் சாதம் கீழே கொட்டியது. கோபித்துக்கொண்டார். என்னை இல்லை, தட்டை.

எட்வின் இஞ்சின். வெறும் கூட்டை மகள் வாங்கித் தந்த ஓவனில் வைத்துச் சூடாக்கி, பலகையில் ஒரு தட்டு. பழைய பேரிங் தானாக விழுந்துவிடும். புதுப் பேரிங்கை முன்னாலேயே ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்திருப்பேன். குளிரில் அது சுருங்கும், சூட்டில் கூடு விரியும், உள்ளே வைத்தால் தானாக உட்காரும். சுத்தியல் எடுத்தவன் தோற்றான் என்று இவர் சொல்வார்.

பிஸ்டன் பின் புதிது, பிஸ்டனைக் கோத்து நிறுத்துகிற குறுக்கு ஊசி அது. அந்தப் பின் இரண்டு பக்கமும் நகராமல் இருக்க பக்கத்துக்கு ஒரு லாக் உண்டு. வளைந்த மெல்லிய கம்பி, உளுந்து அளவு. விரலில் இருந்து நழுவினால் துள்ளி எங்கேயோ போய்விடும். அதனால் அதைப் போடும்போது மட்டும் மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்வேன். புது பாக்கெட்டில் இரண்டு இருந்தது. இரண்டும் போட்டேன். பழைய இரண்டையும் கழிவு டப்பாவில் போட்டேன்.

எல்லாம் மூடின பிறகு இஞ்சினின் பின்பக்க மூடித் திருகாணி மேல் நெயில் பாலிஷில் ஒரு கோடு போடுவேன், திருகாணியில் ஆரம்பித்து மூடியில் முடிகிற மாதிரி. யாராவது பிரித்தால் கோடு உடைந்துவிடும். நான் மூடினதை யார் திறந்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கவிநயா லீவுக்கு வந்தபோது விட்டுப்போன பாட்டில், கிளிப்பச்சை. அவள் கையில் பூசினால் அம்மா திட்டுவாளாம். இஞ்சினில் பூசினால் யாரும் திட்டுவதில்லை.

இவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "ஒரு இஞ்சினையாச்சும் நான் மூடிப் பாத்தா என்ன?" என்றார்.

"மொதல்ல சட்டப் பித்தான மூடுங்க" என்றேன்.

விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அன்னூரில் தங்கச்சி பேத்தி கல்யாணம். மாத்திரையைக் கிண்ணத்தில் வேளை வேளையாக வைத்து, சோறு பிசைந்து மூடி வைத்து, எட்டு மணி பஸ்ஸுக்குப் போனேன். கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றார். பந்தியில் கை நடுங்குவதை யாரும் பார்க்கக்கூடாது அவருக்கு.

நாலு மணிக்குத் திரும்பினேன். தூங்கிக்கொண்டிருந்தார். சோறு அப்படியே இருந்தது. ஒரு மணி மாத்திரை இல்லை, ஆறு மணி மாத்திரையும் இல்லை. எழுப்பிக் கேட்டதற்கு, "தெரியாம சேத்துப் போட்டுட்டேன்" என்றார். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். வேட்டி முழங்கால் இரண்டும் அழுக்கு. விழுந்தீர்களா என்றேன். இல்லையாம்.

ஆகஸ்ட் 28, திங்கள்

எட்வின் வந்து இஞ்சினை எடுத்துப்போனார். இவர்தான் எடுத்துக் கொடுத்தார். அட்டைப் பெட்டியில் வைக்கும்போது பார்த்தேன், பச்சைக் கோடு கொஞ்சம் கோணலாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவசரத்தில் என் கை ஆடியிருக்கும். நடுங்குகிற கை ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

ஆகஸ்ட் 30, புதன்

காலையில் கூட்டும்போது விளக்குமாற்றில் ஏதோ மினுங்கியது. ஃபிரிட்ஜுக்கு அடியிலிருந்து வந்தது. கையில் எடுத்தால் ஒரு லாக்.

கழிவு டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். எட்வின் இஞ்சினில் கழற்றின பழைய இரண்டும் கறுத்துப்போய் அங்கேயே இருந்தது. பெங்களூர் இஞ்சினை இன்னும் அந்த மட்டுக்குப் பிரிக்கவில்லை. இது புதிது. வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளிக் கொலுசு மாதிரி இருக்கிறது.

நான் இரண்டும் போட்டேன். துண்டு விரித்துப் போட்டேன்.

இவரிடம் காட்டினேன். "ஏனுங்க, இது எப்படி வந்துச்சு?"

பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார். "எப்பவோ உழுந்த பழசு. தூக்கிப் போடு புள்ள."

"பழசு இப்படியா மினுங்கும்?"

டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தார். வயலில் பூச்சி மருந்து அடிப்பது பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வயல் இல்லை.

ஒரு பக்கம் லாக் இல்லாவிட்டால் பிஸ்டன் பின் மெதுவாக நகர்ந்து, பிஸ்டன் ஓடுகிற குழாயின் சுவரை உரசும். ஒரு டேங்க் ஓடும், மூன்று டேங்க் ஓடும். பிறகு ஒரு நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். தரையில் நின்றால் பரவாயில்லை.

போனை எடுத்து எட்வின் நம்பரைப் போட்டேன். மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன். என்ன சொல்வது? தம்பி, அந்த இஞ்சினை ஓட்டாதீங்க என்றால், ஏனுங்கம்மா என்பார். காப்பி போடுகிறவளுக்கு லாக் பற்றி என்ன தெரியும் என்பார். தெரியும் என்று சொன்னால் மூன்று வருஷத்தையும் சொல்ல வேண்டும். ஐயாகிட்டக் குடுங்க என்பார். ஐயா டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

லாக்கை அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

1 மணி மாத்திரை 1.40-க்குத்தான் கொடுத்தேன். மறந்துவிட்டேன். என் தப்பு.

ஆகஸ்ட் 31, வியாழன்

மாத்திரை சரி. எட்வினுக்குப் போன் பண்ணவில்லை. வேலை இருந்தது.

செப்டம்பர் 1, வெள்ளி

இவர் சரியாகச் சாப்பிடவில்லை. நானும். எட்வினுக்குப் பண்ணவில்லை.

செப்டம்பர் 2, சனி

மாத்திரை 8, 1, 6. இஞ்சினில் கோளாறு இருந்தால் இந்த நேரம் தெரிந்திருக்கும், ஒன்றும் ஆகாது என்று இவர் தானாகச் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

பதினொரு மணிக்கு எட்வின் வீட்டுக்காரி ஜெனிட்டா போன் செய்தாள். அழுதுகொண்டே பேசினதால் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

ஷோவில் பிள்ளைகள் எல்லாம் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எட்வின் தலை உயரத்துக்கு இறக்கிக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டும்போது இஞ்சின் சட்டென்று நின்றுவிட்டது. உயரத்தில் நின்றிருந்தால் இறக்கை சுற்றுகிற வேகத்திலேயே மெல்ல இறக்கிவிடுவார். இந்த உயரத்தில் நேரமில்லை. பிள்ளைகள் பக்கம் சாய்ந்ததைத் தன் பக்கம் திருப்பினாராம். இறக்கை தரையில் அடித்து உடைந்து ஒரு துண்டு வலது முன்கையில் வெட்டிவிட்டது. பதினாலு தையல். நரம்பிலும் கொஞ்சம். கட்டைவிரல் மடங்கவில்லை. ஆறு வாரம் கழித்துத்தான் மடங்குமா மடங்காதா என்று சொல்வார்களாம்.

"ஆவணி முச்சூடும் கல்யாண ஆர்டருங்கம்மா. கேமராவை எப்படீங்க புடிப்பாரு?"

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டு இரண்டு தடவை உறுதி செய்துகொண்டேன்.

இவரிடம் சொன்னேன்.  1 மணி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டார். வெள்ளையாக உதட்டிலேயே இருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

செப்டம்பர் 4, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். கால் வலி என்றார். நான் மட்டும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். எட்வின் தூங்கிக்கொண்டிருந்தார். பார்க்காமலே வந்துவிட்டேன். நல்லதாய்ப் போயிற்று என்று பஸ்ஸில் நினைத்தேன். அப்படி நினைத்ததையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 6, புதன்

எட்வின் வந்தார். கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருந்தது. இடது கையில் இஞ்சின், மண் ஒட்டினபடி ஒரு துணிப்பையில். இந்த முறை வண்டி சத்தம் கேட்கவில்லை, ஆட்டோவில் வந்திருக்கிறார். மேஜையில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க நேரமில்லை.

"ஐயா, நான் சண்டைக்கு வரலீங்க. எனக்கு என் கண்ணு முன்னால இதப் பிரிச்சுக் காட்டணும். நான் ஓட்டுனது தப்பா, இஞ்சின் தப்பான்னு தெரிஞ்சாப் போதும். மூணு நாளா தூக்கமில்லீங்க. பசங்க மேல உழுந்திருந்தா?"

இவருக்கு அப்போது கை நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. மணி பன்னிரண்டு ஐம்பது, மாத்திரைக்கு இன்னும் பத்து நிமிடம். கையை முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். பிறகு எட்வினைப் பார்த்துச் சொன்னார்:

"இவ பிரிப்பா. மூணு வருசமா இவதான் பிரிக்கறா, இவதான் மூடறா. எனக்குக் கை வராது எட்வின். உன்ற இஞ்சினும் இவ பாத்ததுதான்."

மூன்று வருஷமாக இந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தால் எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. இன்றைக்கு வந்தது.

எட்வின் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "அம்மாவா?" என்றார். அவ்வளவுதான்.

திருகாணி கழற்றுகிற ஆலன் கீயை எடுத்தேன். பின்பக்க மூடியில் பச்சைக் கோடு. இன்றைக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மேலே கோணலாக ஒரு பச்சை. அதற்கு அடியில் நேராக ஒரு பச்சை, நடுவில் உடைந்து, இரண்டு பாதியும் ஒன்றோடொன்று சேராமல். என் கோடு நேர்க்கோடுதான். நான் இரண்டு தடவை பூசியிருப்பேன் போலிருக்கிறது. மறந்திருப்பேன்.

பிரித்தேன். பிஸ்டன் பின் ஒரு பக்கமாக வந்து குழாய்ச் சுவரில் நகம் நுழைகிற ஆழத்துக்குக் கோடு போட்டிருந்தது. அந்தப் பக்கம் லாக் இல்லை. உடைந்து போயிருந்தால் உள்ளே எங்காவது துணுக்கு கிடைக்கும், எண்ணெயைத் துணியில் வடித்துப் பார்த்தேன். இல்லை.

"லாக் போடலீங்க தம்பி" என்றேன். "விட்டுப்போச்சு. நான்தான்."

இவர் சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்வின், "தெரியலீன்னா தெரியலீன்னு சொல்லியிருக்கலாமுங்கம்மா" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இஞ்சினை எடுக்காமலே போய்விட்டார்.

தெரியலீன்னா. இருபத்திநாலு வருஷம் காயில் சுற்றினேன், ஒரு மோட்டார் திரும்பி வந்ததில்லை.

1 மணி மாத்திரை 1 மணிக்குக் கொடுத்தேன்.

செப்டம்பர் 7, வியாழன்

மாத்திரை கிண்ணத்தில் வைத்தேன். அவரே எடுத்துக்கொண்டார். பேசவில்லை.

செப்டம்பர் 8, வெள்ளி

மாத்திரை கிண்ணத்தில். பேசவில்லை. நடுக்கம் இருக்கும். பார்க்கவில்லை.

செப்டம்பர் 9, சனி

காலையில் நோட்டைத் திறந்தால் இந்தப் பக்கத்தில் எறும்பை விடச் சின்ன எழுத்து. அவருக்கு இப்போது எழுத எழுத எழுத்து சுருங்கிக்கொண்டே போகும், வியாதியின் குணம் அது. லாக் பார்க்க வைத்திருக்கிற பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தேன். டாக்டரம்மாவால் இந்தச் சின்ன எழுத்தைப் படிக்க முடியாது என்பதால் என் கையெழுத்தில் கீழே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

"மயிலாத்தா. நீ கல்யாணத்துக்குப் போன அன்று ரெண்டு மாத்திரையும் சேத்துப் போட்டேன். கை நல்லா நின்றது. எட்வின் இஞ்சினைப் பிரித்தேன். பழுது பாக்க இல்லை. நீ மூடியதில் பழுது இருக்காது. என்னால் முடியுமா என்று பாக்க. பிஸ்டனை வெளியில் எடுத்துத் திரும்பப் போட்டேன். ஒரு லாக் போட்டேன். ரெண்டாவது துள்ளிவிட்டது. துண்டு விரிக்க மறந்தேன். தரையில் முட்டி போட்டு ஒன்றரை மணி நேரம் தேடினேன். நீ வரும் நேரம் ஆனது. மாத்திரை வேகம் குறைந்தது. மூடிவிட்டேன். பச்சை பூசினேன். ஒரு லாக் தாங்கும் என்று என்னை நானே நம்ப வைத்தேன். நீ எடுத்துக் காட்டின போதும் சொல்லவில்லை. புதன்கிழமை இவதான் பாக்கிறாள் என்று நான் சொன்னது உனக்குப் பேர் வாங்கித் தர இல்லை. நான் தப்பிக்க. நீ உன் தலையில் போட்டுக்கொண்டாய். அதையும் பாத்துக்கொண்டு இருந்தேன்."

கடைசி இரண்டு வரி எனக்கே ஊகத்தில்தான் படிக்க முடிந்தது.

படித்து முடித்து அடுப்பைப் பற்றவைத்தேன். கோதுமை உப்புமா. தட்டை வைத்தேன், சாப்பிட்டார். நடுங்கி இரண்டு கரண்டி கீழே போயிற்று, இரண்டு பேரும் பார்த்தோம். கோணலான பச்சைக் கோட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். லாக்கை எடுத்த அன்றைக்கு நன்றாகத் தெரியும். என் கை ஆடியிருக்கும் என்று இந்த நோட்டில் எழுதினது பொய். அவர் படிப்பாரோ என்று எழுதினேனா, நானே படிப்பேன் என்று எழுதினேனா, தெரியவில்லை.

"போன் போட்டுக் குடு" என்றார்.

"மாத்திரை போட்டு இன்னும் அரை மணிகூட ஆகலீங்க. கை நிக்கட்டும்."

"நின்னா பேச மாட்டேன்."

எட்வின் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போன் காதில் தட்டிக்கொண்டே இருந்தது, கதவைத் தட்டுகிற மாதிரி. "எட்வின், நான் சென்னியப்பன் பேசறேன்" என்று ஆரம்பித்தார். எல்லாம் சொன்னார். பச்சை பூசினதைக்கூட. "இவ மேல ஒரு குத்தமும் இல்ல" என்று முடித்தார்.

அது சரியில்லை. போனை வாங்கினேன்.

"தம்பி, முப்பதாந்தேதி புதன்கிழமை அந்த லாக் என்ற கைக்குக் கெடச்சுதுங்க. எதுன்னு தெரிஞ்சுது. உங்க நம்பரைப் போட்டு, மணி அடிக்கறதுக்குள்ள வெச்சுப்போட்டேன். இவர் பேரு போயிருமேன்னு வெச்சேன். மூணு வருசமா வேலை செஞ்சது நாந்தான்னு வெளிய வந்துருமேன்னும் வெச்சேன்."

 

"நாலு நாள் இருந்துச்சுங்களேம்மா" என்றார்.

"ஆமாங்க தம்பி."

"நாலு நாள்."

"ஆமாங்க."

வைத்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகு பெங்களூர்க்காரருக்கும் ஐதராபாத்காரருக்கும் போன் செய்தேன். வேலை செய்கிறது யார், என்ன நடந்தது, இரண்டையும் சொன்னேன். ஐதராபாத்காரர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். பெங்களூர்க்காரர் இஞ்சினைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னார். கழற்றினதைக் கழற்றினபடி, ஒவ்வொரு சாமானையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதில் கோடு போடவில்லை. நான் மூடவில்லையே.

டாக்டரம்மா 21-ஆம் தேதி நோட்டைக் கேட்பார். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. எழுதச் சொன்னது அவர்தான், படிக்கட்டும்.

8 மணி மாத்திரை 8 மணிக்கு. 1 மணி மாத்திரை 1 மணிக்கு. 6 மணி மாத்திரை 6 மணிக்கு.

நடுக்கம்: இவருக்குக் காலையில் இரண்டு கையும். எனக்கு, போனை வைத்ததிலிருந்து இது எழுதுகிற வரைக்கும்.